எல்லாவற்றையும் திருத்திய மாடி வீட்டு டீச்சர்

வாடகைக்கு வந்தவள் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கலாம். குப்பை வண்டி எப்போது வரும் என்று கேட்கலாம். எனக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள், சுவரில் இத்தனை ஆணி எதற்கு என்று வந்த மூன்றாம் நாளே வாசலில் நின்று கேட்கிறாயே, உனக்கென்ன வந்தது? காதில் எந்நேரமும் ஒயர் மாட்டியிருக்கிற பெண், அதில் வருவதைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதுதானே. என் வாயைத் திறப்பது சுலபம், மூடத்தான் ஆள் வேண்டும். சரி, கேட்டுவிட்டாய். உட்கார். அந்தப் பூண்டை உரித்துக்கொண்டே கேள். சும்மா உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை.

அந்த ஆணிகளில் தொங்கியது அமெரிக்கா. கதவு அகலத்துக்கு ஒரு மேப். அதற்கு முன்னால் டீச்சர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஊர்ச் சரித்திரத்தையே சொல்லிக்கொடுப்பார். நம்ம பெங்களூர் ஆஸ்டின் டவுன் மாடி அறையிலிருந்து ஒரு தமிழ்க்காரம்மா, அவர்களுடைய தாத்தாவுக்குத் தாத்தா செய்த காரியத்தை அவர்களுக்கே எடுத்துச் சொல்கிறார். கூச்சமே கிடையாது.

"ஏன் டீச்சர், அவங்க ஊர்ல வாத்தியாருங்க இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க ஆயா. நாங்க மலிவு."

"இப்ப அங்க மணி என்னா?"

"நேத்து சாயங்காலம்."

"அவங்க இன்னும் நேத்துலதான் இருக்காங்களா? அதான் சரித்திரம் படிக்கறாங்க."

அவர் சிரிக்கவில்லை. டீச்சருக்குச் சிரிப்பு தாமதமாக வரும். இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்கும்போது தனியாகச் சிரித்தார். அது இதற்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஆஸ்டின் டவுனில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அறுபதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆனதா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் கேள்வியில் உள்ள தப்பைத் திருத்தியிருப்பார். கொண்டையில் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும், மற்றவர்கள் பூ வைக்கிற இடத்தில்.

முதல் அறிமுகமே சண்டை. என் பிழைப்பு இட்லி மாவு. நாற்பது வருடமாக அரைத்து விற்கிறேன். காலை ஐந்து மணிக்கு என் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். அவர் குடிவந்த இரண்டாம் நாள் கீழே இறங்கி வந்தார்.

"ஆயா, உங்க கிரைண்டர் சத்தம் அமெரிக்கா வரைக்கும் கேக்குது."

"அப்படியா? மாவு வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர்."

அவர் கிரைண்டரைச் சுற்றி வந்து பார்த்தார். அடியில் ஒரு கால் ஆடுகிறது, அதனால்தான் இத்தனை சத்தம் என்று கண்டுபிடித்தார். பழைய சைக்கிள் டயரை வெட்டி நான்கு கால்களுக்கும் கீழே வைத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. எத்தனை வருடமாக ஆடிய காலோ தெரியாது. எனக்கு அது கிரைண்டரின் குரல் என்றுதான் எண்ணம்.

அப்படிப்பட்டவர். ஒன்று கோணலாக இருப்பதைப் பார்த்துவிட்டால் அவரால் தாண்டிப் போக முடியாது. ரேஷன் கடைப் பலகையில் எழுத்தைத் திருத்துவார். தண்ணீர் திறக்க வருகிறவரிடம் வால்வை எந்தப் பக்கம் திருப்புவது நல்லது என்று கன்னடத்தில் சொல்லுவார். எதிர்வீட்டு மாவுக்காரி சரோஜா மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனாள். டீச்சர் வெற்றிலை பாக்கை வாங்கி வைத்துக்கொண்டு, கொண்டையிலிருந்து பேனாவை உருவி, மூன்று இடத்தில் கோடு போட்டுப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப சரியா இருக்கு சரோஜா."

"முன்னூறு அடிச்சாச்சு டீச்சர்."

"பரவாயில்ல, அடுத்த பையனுக்கு கவனமா இருங்க."

சரோஜாவுக்கு ஒரே பையன். அந்தப் பத்திரிகையை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு டீச்சர் முதல் ஆளாக வந்தார், நல்ல குக்கர் ஒன்று கொடுத்தார், சமையல்காரரிடம் போய் சாம்பாரில் உப்பு குறைவு என்றும் சொல்லிவிட்டு வந்தார். குறைவுதான். ஆனாலும் பெண் வீட்டார் சமையல் அது.

திட்டலாம் என்று வாயைத் திறந்தால் மேரி நினைவுக்கு வருவாள். பின்வீட்டு மேரி, அவளும் மாவுக்காரிதான். காய்ச்சலில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டீச்சர்தான் மூன்று நாள் கூட இருந்தார். கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற அட்டையை வேலையில்லாமல் படித்தார். அதில் எழுதியிருந்த மருந்து பக்கத்துக் கட்டிலுக்கு உரியது. நர்ஸைக் கூப்பிட்டு அதே சிவப்புப் பேனாவால் காட்டினார். அந்த ஒரு திருத்தத்தால் மேரி இன்றைக்கு என்னோடு சண்டை போட உயிரோடு இருக்கிறாள். மற்ற திருத்தங்களை நாங்கள் பொறுத்துக்கொண்டது அதனால்தான்.

ஏன் காலி செய்தார் என்றாயே, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ வேறு ஏதாவது கற்பனை செய்வாய். அவரை வேலைக்கு வைத்திருந்த கம்பெனியை அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கிய பிறகு, இனி கம்ப்யூட்டரே பாடம் நடத்தும், நீங்கள் வேண்டாம் என்று ஒரு கடிதம் வந்தது. அதையும் எனக்குப் படித்துக் காட்டினார். "இதுவும் பாடத்துல இருக்கு ஆயா" என்றார். கடிதத்தில் ஒரு தப்பு இருந்தது. திருத்தி அனுப்பிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார், மைசூர் பக்கம். அவ்வளவுதான். சண்டை, சச்சரவு ஒன்றும் இல்லை. நீ எதிர்பார்த்த சண்டை அதற்கு முன்னால் நடந்தது.

மத்தியான வேளையில் நான் உளுந்து கழுவும்போது வந்து உட்காருவார். மறுநாள் பாடத்தை என்னிடம் தமிழில் சொல்லிப் பார்ப்பார். மூன்றாம் வகுப்பு தாண்டாத எனக்குப் புரிந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் புரியும் என்பது அவர் கணக்கு. அவர் பாடமெல்லாம் நூறு, நூற்றிருபது வருடத்துக்கு முந்திய அமெரிக்கா. எண்ணெயெல்லாம் ஒருத்தன் கையில், ரயிலெல்லாம் இன்னொருத்தன் கையில், இரும்பு வேறொருத்தன் கையில். கறி அடைக்கிற பாக்டரியில் கீழே விழுந்ததெல்லாம் டப்பாவுக்குள் போனது. பத்திரிகைக்காரர்கள் போய்ப் பார்த்து எழுதினார்கள். ஜனங்கள் குமட்டிக்கொண்டு கத்தினார்கள். சர்க்கார் சட்டம் போட்டது. அந்த இடத்தில் டீச்சருக்கு முகம் மலர்ந்துவிடும். ஒரு நாடே சிவப்புப் பேனாவை எடுத்த காலம் என்று அவருக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை.

அடுத்த பாடத்தை மட்டும் இழுத்து இழுத்துச் சொல்வார்.

"அதே ஆளுங்கதான் ஆயா கப்பல்ல ஏறித் தீவுகளுக்குப் போனாங்க. உங்கள அடிமையா வச்சிருக்கறவன்கிட்டேர்ந்து விடுவிக்கறோம்னு சொல்லிப் போனாங்க. அப்புறம் திரும்பி வரலை."

"மாப்பிள்ளை வீட்டு விருந்தாளிங்க மாதிரி."

"பள்ளிக்கூடம் கட்டினாங்க. சாக்கடை வெட்டினாங்க. அம்மை ஊசி போட்டாங்க. வேணாம்னவங்கள சுட்டாங்க."

"எல்லாம் ஒரே ஆளா?"

"ஒரே நாடுதான். நிறைய பேரு, ரெண்டுக்குமே கை தட்டினவங்க."

"அப்ப நல்லவங்களா கெட்டவங்களா டீச்சர்?"

"அதான் ஆயா பரீட்சைல கேள்வி."

இப்படி ஒரு பக்கம் பாடம் ஓடிக்கொண்டிருக்க, எங்கள் தெருவுக்குப் பாக்கெட் மாவு வந்தது. பளபளவென்று கவர், வெளியே சிரிக்கிற குடும்பம். மூலைக்கடையில் அதற்கென்று தனி பிரிட்ஜ் கொண்டுவந்து கம்பெனிக்காரர்களே வைத்தார்கள். எங்கள் விலையில் முக்கால் விலை. ஒரு மாதத்தில் என் வாசலுக்கு வருகிறவர்கள் பாதியானார்கள். தெருவில் ஐந்து கிரைண்டர் ஓடியது, மூன்றாகிவிட்டது. மிஞ்சியது நான், மேரி, சரோஜா.

என் கஷ்டம் உனக்குப் புரிய வேண்டும். மாவு நின்றால் நான் ஓசூருக்கு, மகன் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே எனக்கென்று ஒரு சோபா போட்டு வைத்திருக்கிறார்கள். டிவிக்கு நேராக. மருமகள் நல்லவள், என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டாள். அதை நினைத்தால் எழுந்து போய்க் கழுவிய கிரைண்டரையே மறுபடி கழுவுவேன்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆயா, இது நான் காலைல எடுத்த பாடம். முதல்ல விலையக் குறைப்பான். நீங்க மூடினதும் ஏத்துவான். எண்ணெய்க்காரன் இப்படித்தான் பண்ணான்."

"அவன்கிட்ட என்னா பண்ணாங்க?"

"தனித்தனியா இருந்தவங்க எல்லாம் மூடிட்டாங்க. நீங்க மூணு பேரும் ஒண்ணா நில்லுங்க."

ஒன்றாக நிற்கிற வித்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார். வொயிட்ஃபீல்டில் பெரிய அபார்ட்மென்ட் ஒன்றில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லா வீட்டுக்கும் சேர்த்து மாவு வாங்குவதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு கொடுத்துப் பார்ப்பது, நன்றாக இருந்தால் நிரந்தரம். அந்த ஒரு இடம் கிடைத்தால் மூன்று கிரைண்டரும் பிழைக்கும்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது சட்டம். தலைக்குத் தொப்பி. கைக்குக் கிளவுஸ். கலக்க எவர்சில்வர் கரண்டி. என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினார். பாக்கெட்டில் ஒட்ட அச்சடித்துக்கொண்டு வந்த லேபிளில் 'கை படாத மாவு' என்று போட்டிருந்தது.

மேரி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க கைல என்னா டீச்சர் இருக்கு?"

"கிருமி."

"நாப்பது வருஷமா அந்தக் கிருமிதான் டீச்சர் ஆஸ்டின் டவுனுக்கு இட்லி ஊத்துது" என்றேன் நான். "கையப் போட்டுக் கலக்கலன்னா மாவு எழும்பாது. அதுவும் இந்தப் பனியில."

"அது நம்பிக்கை ஆயா. சூடு சரியா இருந்தா தானா பொங்கும்."

அது ஜனவரி. பெங்களூர் ஜனவரியில் மாவு வைப்பது அழுகிற பிள்ளையைத் தூங்க வைப்பது மாதிரி. சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைப்போம். அதற்கு முன்னால் உப்புப் போட்டு, முழங்கை வரை இறங்கி, உள்ளங்கைச் சூட்டில் கலக்குவோம். டீச்சர் சொன்னபடி ஒரு நாள் கிளவுஸ் போட்டுக் கரண்டியால் கலந்தோம். காலையில் திறந்தால் மாவு வைத்த இடத்திலேயே இருந்தது. டீச்சர் சுவரில் இருந்த தாளில் உளுந்தின் அளவைத் திருத்தினார். இரண்டாம் நாளும் அசையவில்லை. வெந்நீர்ப் பாத்திரம் வைக்கச் சொன்னார், சூடு பார்க்கிற கருவி ஒன்றைச் சட்டியில் மாட்டினார். மூன்றாம் நாள் ஊற்றிய இட்லியை சரோஜா சுவரில் எறிந்து பார்த்தாள். சுவருக்குத்தான் பயமாக இருந்தது.

"நீங்க கிளவுஸை சரியா போடல" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு வொயிட்ஃபீல்டில் மாவு இருக்க வேண்டும். மத்தியானம் அரைத்து முடித்தோம். டீச்சர் மாடிப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்குக் கம்ப்யூட்டரில் கம்பெனி மீட்டிங். மேலே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கிளவுஸைக் கழற்றினோம். மேரி ஒரு சட்டி, சரோஜா ஒரு சட்டி, நான் இரண்டு. முழங்கை வரை இறக்கிக் கலந்தோம். பிறகு கிளவுஸை எல்லாம் மாவில் முக்கி, கழுவி, கொடியில் வரிசையாக மாட்டினோம். ஆறு கை எங்களைப் பார்த்து டாட்டா காட்டியது.

காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எழும்பியிருந்தது. டீச்சர் இறங்கி வந்தார். மாவைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்.

"பாத்தீங்களா ஆயா? முறையா செஞ்சா வரும்."

"ஆமா டீச்சர்."

மேரி வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடினாள்.

வொயிட்ஃபீல்டில் இருந்து போன் வந்தது. சக்கத் மாவு, பிரமாதம், வாரம் தவறாமல் வேண்டும் என்று. டீச்சர் சுவர்த் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார். நாங்கள் சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்குக் கழற்றி, ஐந்தரைக்குக் கொடியில் மாட்டினோம். எல்லோருக்கும் சந்தோஷம். பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்களைச் சமாளிப்பது என்றுதான் நினைத்தேன், அவர் என்னைவிட இளையவர் என்றாலும்.

டீச்சர் அதோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். ஒரு தெரு திருந்திவிட்டால் அடுத்த தெரு கண்ணில் படுமே. அடுத்த தெருவில் ஷகீலா. கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே கிரைண்டர். வாசல் வியாபாரம் கிடையாது, மூலைக்கடைக்கு மட்டும் போடுவாள். டீச்சர் அவளிடம் போய் கிளவுஸ், தொப்பி, தாள் எல்லாம் நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். இரண்டாவது முறையும் போனார். அவள் கதவைத் திறக்கவில்லை. டீச்சர் மூலைக்கடைக்காரரிடம் போய்ப் பேசினார். சுத்தம், ஜனங்களின் ஆரோக்கியம், நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனால் உன் பேர்தான் கெடும் என்று. கடைக்காரர் பயந்து ஷகீலா மாவை நிறுத்தினார்.

மறுநாள் மத்தியானம் ஷகீலா என் வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆயாம்மா, உங்க மாவு கை படாத மாவாம். கடைக்காரரு சொல்றாரு. என்னோடது கை பட்ட மாவாம், அதனால வேணாமாம்."

நான் உளுந்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"பனிக்காலத்துல கை போடாம எப்படி ஆயாம்மா எழும்பிச்சு? எனக்கும் சொல்லிக் குடுங்க. அதே மாதிரி நானும் பண்றேன். புள்ளைங்கள பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தாம இருக்கணும், அவ்ளோதான்."

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். "நாளைக்கு வா" என்றேன். அவள் போன பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். என் முழங்காலுக்கு அந்தப் படி ஆகாது. வருடத்துக்கு ஒரு தடவை ஏறினால் அதிகம்.

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்வி டீச்சர். அந்தத் தீவுக்காரங்ககிட்ட யாராவது கேட்டாங்களா, இதெல்லாம் உங்களுக்கு வேணுமான்னு?"

"கேக்கல ஆயா. கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு தெரியும்" என்றார், தலை நிமிராமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"ஷகீலா வேணாம்னு சொன்னாளே."

பேனா நின்றது. "அது வேற."

"வேறதான். அவங்க கப்பல்ல போனாங்க. நீங்க செருப்பு மாட்டிக்கிட்டு நடந்தே போனீங்க."

வந்தது வந்தாயிற்று என்று மீதியையும் சொன்னேன். "வொயிட்ஃபீல்டுக்குப் போற மாவு எங்க கையால கலந்தது டீச்சர். முதல் வாரத்துலேர்ந்து."

"கிளவுஸ்?"

"மாவுல முக்கிக் கொடியில போட்டோம்."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒரு வாரம் முக்க மறந்துட்டோம். நீங்க கவனிக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் வரும் என்று நான் படிப்பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டேன். வந்தது வேறு. அவர் சுவரில் தொங்கிய அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருடைய அப்பாவுக்கு மில்லில் வேலையாம். மில் லைன் வீடு, மில்காரர்களே வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. மாதம் ஒரு முறை சுகாதார இன்ஸ்பெக்டர் வருவாராம். எல்லா வீட்டுப் பெண்களும் வெளியே நிற்க வேண்டும்.

"எங்கம்மாவோட மாவுச் சட்டியத் திறந்து ஒரு குச்சியால கிண்டிப் பாப்பாரு ஆயா. அம்மா தரையையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. அவரு போனதும் அந்த மாவைக் கொட்டிடுவாங்க. சுத்தமாத்தான் இருக்கும். ஆனாலும் கொட்டிடுவாங்க."

"ஏன்?"

"அப்ப நான் கேக்கல" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீங்க கீழ போங்க ஆயா" என்றார்.

அன்றைக்கே மூலைக்கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஷகீலா மாவு மறுநாள் கடைக்குத் திரும்பியது. அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் புடவை கட்டிக்கொண்டு இறங்கினார். லேபிள் பொய், வொயிட்ஃபீல்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். மேரி படிக்குக் குறுக்கே நின்றாள்.

"யாருக்கும் தெரியாது டீச்சர். உங்களுக்குக் கூட ஒண்ணரை மாசம் தெரியல."

"தெரியாத வரைக்கும் நானும் சும்மாதானே இருந்தேன் மேரி."

"அவங்க நிறுத்திட்டா எங்க கதி?"

"நிறுத்தலாம்" என்றார் டீச்சர். ஆறுதலுக்குக்கூட வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

சரோஜா என்னைப் பார்த்தாள். "யாரு ஆயா சொன்னது இவங்களுக்கு?" நான் ஷாலை எடுத்துப் போர்த்திக்கொண்டு, டீச்சரோடு நானும் போகிறேன் என்றேன். அங்கே நிற்பதைவிட அது பத்திரம்.

மெட்ரோவில் போனோம். எதிரே ஒட்டியிருந்த அறிவிப்பில் ஏதோ தப்பு இருந்திருக்க வேண்டும், இரண்டு தடவை டீச்சர் கை கொண்டைக்குப் போய்த் திரும்பி வந்தது. அபார்ட்மென்டில் கண்ணாடி ரூமில் கமிட்டிக்காரர்கள் நான்கு பேர். காபி கொடுத்தார்கள். டீச்சர் இங்கிலீஷில் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சின் நடுவே இரண்டு முறை என் பக்கம் கையைக் காட்டினார். நாலு பேரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள். நான் கையை ஷாலுக்குள் இழுத்துக்கொண்டேன். எங்களைக் காட்டிக்கொடுக்கிறார், போகட்டும், அவர் பேரைக் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். தப்பு எங்களுடையதுதானே. காபி நன்றாக இருந்தது.

நிறுத்திவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். கமிட்டியில் இருந்த ஒரு வயதான அம்மா மட்டும் லிஃப்ட் வரை வந்து, என் நம்பரைத் தன் போனில் போட்டுக்கொண்டார். அவர் சொல்லி ஒன்பது வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை டிரைவரை அனுப்புகிறார்கள். வெள்ளைக் கார் வந்து நிற்கிறதே, பார்த்திருப்பாய். பாக்கெட் மாவு ஆறு மாதத்தில் விலை ஏறியது, டீச்சர் சொன்ன மாதிரியே. பழைய ஆட்கள் பாதிப் பேர் பாத்திரத்தோடு திரும்பி வந்தார்கள். இவ்வளவுதான். பிழைக்கிறோம், கொழுக்கவில்லை. ஓசூர் சோபாவுக்கு நான் இன்னும் போகவில்லை.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வொயிட்ஃபீல்டு போச்சு என்பது மட்டும்தான் தெரியும். நாங்கள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது குழாயடியில் மேரி, சரோஜா, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் சரோஜா குடத்தை நங்கென்று வைத்தாள்.

"நீங்க பாடம் எடுக்கறதுக்கு நாங்கதான் கிடைச்சோமா டீச்சர்? எங்கள திருடிங்கன்னு போய் சொல்லிட்டு வந்திருக்கீங்க. அதானே சொன்னீங்க அங்க?"

டீச்சர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அங்கே என்ன பேசினார் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"கையால கலக்காம மாவு வராதுன்னு இவங்க முதல் நாளே சொன்னாங்கன்னு சொன்னேன். லேபிளை எழுதினது நான்தான், அதுல இருக்கற தப்பு என்னோடதுன்னு சொன்னேன். கிளவுஸைப் பத்தி அவங்க கேக்கல சரோஜா, நானும் சொல்லல."